இரு கொடிகளுக்கு நடுவே ஒரு பெண்டாஹாரா

படிவம் இரண்டில் ஒரு நாள் வரலாற்றுப் பாடம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்கு வந்து, மலாய்மொழியில் பாடம் கேட்பது அப்போதுதான் ஓரளவு பழகியிருந்தது. மலாக்கா வீழ்ந்த கதையை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். கித்துல், ராஜா முதலியார் என்று இரண்டு பெயர்கள் வந்தன. அரண்மனையில் கோள்மூட்டி நாட்டைக் கெடுத்தவர்கள் என்றார். உடனே முன்வரிசையில் நான்கைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆசிரியரும் கவனிக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ செய்ததற்கு நான் ஏன் தலைகுனிந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் அந்தக் கதையில் இன்னொரு தமிழர் இருந்ததை அறிந்தேன். கித்துலைவிடப் பெரிய ஆள். போர்த்துகீசியரோடு சேர்ந்தவர், அவர்கள் கையாலேயே பெண்டாஹாரா பதவி பெற்றவர், மூன்றே ஆண்டுகளில் அதை இழந்து தன் உயிரையும் விட்டவர். நண்பர்களே, அவரைத் துரோகி என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. நம்மவர் என்று மாலை சூட்டவும் மனமில்லை. அவர் கதையைத் தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன்.

போர்த்துகீசிய ஏடுகளில் அவர் பெயர் பலவாறு எழுதப்பட்டுள்ளது. முதற்பகுதி நயினா அல்லது நயினார் என்ற மரியாதைச் சொல் என்பதில் ஐயமில்லை. பிற்பகுதியைச் சத்து என்பார் உண்டு, செட்டி என்பாரும் உண்டு. நான் நயினா சாத்து என்று எழுதப் போகிறேன். வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்பது பழந்தமிழ்ப் பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் அல்லவா? அதுதான் மூலச்சொல் என்று நான் வாதாட வரவில்லை. அந்த மனிதருக்குப் பொருத்தமாக இருக்கிறது, அவ்வளவே.

அன்றைய மலாக்காவைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். போர்த்துகீசியர் கைப்பற்றிய மறு ஆண்டு, 1512இல், அங்கு வந்து மூன்று ஆண்டுகள் தங்கிய தோமே பிரெஸ் என்ற மருந்து வணிகர், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். சுல்தான் ஆட்சியில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர், ஜாவா முதல் மாலுக்கு வரையிலான தீவினருக்கு ஒருவர், சீனருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் ஒருவர். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு ஆறு சுங்கம். நம்மவர்கள் பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து கொண்டுவந்த துணிதான் அங்கே பணத்துக்குச் சமம். மாலுக்குத் தீவுக்காரர் கிராம்பைத் துணிக்குத்தான் கொடுப்பார். தங்கத்தைக் காட்டினால்கூட இரண்டாம்பட்சம்தான்.

இந்த வணிகர்களை மலாய்க்காரர் கெலிங் என்றனர். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல். இன்று அதைக் கேட்டால் நம் காது சிவக்கிறது. அன்று அது வசைச்சொல் அல்ல. மரக்கலம் வைத்திருப்பவன் என்று கேட்பவர் புரிந்துகொள்ளும் சொல். நயினா சாத்து அந்தக் கெலிங் வணிகர்களில் முன்னணியில் நின்ற இந்து. ஆற்றின் மறுகரையில் ஊப்பே என்ற பகுதியில் வணிகக் குடியிருப்பு. பாலத்தைக் கடந்தால் சுல்தானின் அரண்மனையும் பள்ளிவாசலும். அந்தப் பாலத்தை மறந்துவிடாதீர்கள், மீண்டும் வரும்.

1509 செப்டம்பரில் டியோகோ லோப்பெஸ் டி செக்குவேரா தலைமையில் போர்த்துகீசியக் கப்பல்கள் முதன்முதலாக மலாக்கா வந்தன. முதலில் வரவேற்பு, பிறகு சந்தேகம். கடலில் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களைப் போர்த்துகீசியர் எரித்த செய்திகளைக் குஜராத்தியர் சொல்லியிருந்தனர், அது பொய்யுமல்ல. பெண்டாஹாரா துன் முத்தாஹிர் அவர்களைப் பிடிக்கத் திட்டமிட்டார். செக்குவேரா தப்பினார். கரையில் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த ஏறக்குறைய இருபது பேர் சிக்கிக்கொண்டனர். அவர்களின் தலைவர் ருய் டி அராவுஜோ.

இந்தக் கைதிகளுக்குத்தான் நயினா சாத்து உதவினார். உணவு கொடுத்தார், பணம் கொடுத்தார். அதைவிடப் பெரிய காரியம், அவர்களின் கடிதம் இந்தியாவுக்குப் போக வழி செய்தார். 1510 பிப்ரவரியில் அராவுஜோ எழுதிய கடிதம் கடல் கடந்து அல்போன்சோ டி அல்புகர்க்கின் கைக்குச் சென்றது. மலாக்காவின் பலம், பலவீனம், எத்தனை பெரிய படையோடு வரவேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தன.

சோறு போட்டது கருணை. கடிதம் கொண்டுபோனது அரசியல். இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. அதை அவர் தாண்டிவிட்டார். இதை நாம் மழுப்பக்கூடாது.

ஏன் தாண்டினார்? அதே காலத்து அரண்மனையைப் பாருங்கள். செஜாரா மெலாயு சொல்லும் கதை இது. நயினா சூரா தேவானா என்ற வணிகத் தலைவருக்கும் ராஜா முதலியாருக்கும் வழக்கு. கித்துல் என்பவன் ராஜா முதலியாருக்குத் தங்கம் கடன்பட்டவன். எதிராளி பெண்டாஹாராவுக்குத் தங்கம் கொடுத்து உம்மைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டார் என்று அவன் ராஜா முதலியாரிடம் ஓதினான், கடன் தள்ளுபடியானது. ராஜா முதலியார் பயந்துபோய், பெண்டாஹாரா அரியணையைப் பறிக்கப் பார்க்கிறார் என்று லக்சமானாவிடம் சொல்ல, அது சுல்தான் மாமுட் ஷாவின் காதுக்குப் போனது. தன் மகள் துன் பாத்திமாவின் விஷயத்தில் ஏற்கெனவே சுல்தானின் மனக்கசப்புக்கு ஆளாகியிருந்த துன் முத்தாஹிர் 1510இல் குடும்பத்து ஆண்களோடு கொல்லப்பட்டார். பிறகு உண்மை தெரிந்து சுல்தான் வருந்தினாராம். வருந்தி என்ன பயன்?

எங்கள் வகுப்பில் சொல்லப்படாத ஒன்று உண்டு. கொல்லப்பட்ட துன் முத்தாஹிரும் தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவரே. தமிழகக் கரையிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரின் பேரன் அவர். ஆக, கோள் சொன்னவனும் நம்மவன், செத்தவரும் நம் வழியினர். அன்றே இது சொல்லியிருந்தால் திரும்பிய தலைகள் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?

அந்த மலாக்காவில் ஓர் இந்து வணிகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பொய் வார்த்தைக்கு நாட்டின் முதலமைச்சரே தலையிழக்கிறார் என்றால், கிடங்கு நிறையத் துணி வைத்திருப்பவன் எந்த நம்பிக்கையில் உறங்குவான்? அரண்மனையில் செல்வாக்கு குஜராத்தியருக்கு. வணிகத்தில் நேர்ப் போட்டியும் அவர்களோடுதான். போர்த்துகீசியரோ குஜராத்தியரின் எதிரிகள். கணக்குப் போட்டுத்தான் அவர் நடந்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். ஆனால் வெறும் கணக்கு என்றும் சொல்லிவிட முடியவில்லை. அடைபட்டுக் கிடந்த இருபது அந்நியருக்குத் துணை நிற்பது, 1510இல், இலாபம் நிச்சயமான முதலீடு அல்ல. போர்த்துகீசியர் திரும்பி வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? பிடிபட்டிருந்தால் முதலில் உருண்டிருக்கும் தலை அவருடையது.

திரும்பி வந்தார்கள். 1511 ஜூலை முதல் நாள் பதினெட்டுக் கப்பல்கள், சுமார் ஆயிரத்து இருநூறு பேர். அவர்களில் சில நூறு பேர் மலையாளக் கரையின் வீரர்கள். அல்புகர்க் கைதிகளைக் கேட்டார், சுல்தான் இழுத்தடித்தார், கரையோரக் கப்பல்களும் வீடுகளும் எரிந்தபின் கைதிகள் வந்தனர். பாலத்தைப் பிடித்தால் ஊரை இரண்டாகப் பிளக்கலாம் என்று அராவுஜோ யோசனை சொன்னார். ஜூலை 25இல் முதல் தாக்குதல். பாலத்தைப் பிடித்து அன்றே பின்வாங்கினர். ஆகஸ்டு 10இல் உயரமான ஜங்குக் கப்பலொன்றைப் பாலத்தருகே கொண்டுவந்து மீண்டும் தாக்கினர். ஆகஸ்டு 24இல் நகரம் வீழ்ந்தது. கொள்ளையடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று சுல்தான் ஒரு நாள் நடைத் தூரத்தில் காத்திருந்தார். அவர்கள் போகவில்லை.

கொள்ளை தொடங்குமுன் அல்புகர்க் ஒரு கட்டளையிட்டார். நயினா சாத்துவின் வீடுகளைத் தொடக்கூடாது. அடையாளத்துக்குக் கொடிகள் கொடுக்கப்பட்டன. ஊர் முழுவதும் சூறையாடப்படும்போது வாசலில் அந்நியன் கொடியோடு நிமிர்ந்து நின்றன அந்த வீடுகள். உயிரும் உடைமையும் தப்பின. அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு ஓடிய மக்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அன்றே அவருக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் போய்விட்டது என்பது என் எண்ணம்.

அல்புகர்க் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தலைவரை வைத்தார். இந்துக்களுக்கும் வெளிநாட்டு வணிகருக்கும் நயினா சாத்து. பதவிப் பெயர் பெண்டாஹாரா. சுல்தான் ஆட்சியில் அரசருக்கு அடுத்த நிலை அது, பிரபுக்களின் குடும்பச் சொத்து போன்றது. அதே பெயரை ஒரு துணி வணிகருக்குச் சூட்டியது அவருக்குப் பெருமை. பழைய பிரபுக்களுக்கு அவமானம். இந்த ஆளும் முறை பினாங்குக்காரர்களாகிய நமக்குப் புதிதல்ல. ஆங்கிலேயரும் ஜார்ஜ்டவுனில் இதைத்தான் செய்தனர். காதர் மொகிதீன் கப்பித்தான் கெலிங் ஆன கதையை அந்தப் பள்ளிவாசலைக் கடந்துபோகும் எல்லாரும் அறிவோம்.

என் தாத்தா கெடாவில் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். பாட்டி சொல்வார், தொழிலாளிகள் தாத்தாவைத் துரையின் ஆள் என்பார்களாம். துரையோ அவரைக் கூலிகளின் ஆள் என்பாராம். சம்பள நாளன்று கணக்குக் குறைந்தால் இருபக்கமும் அவரைத்தான் பார்க்கும். பெண்டாஹாரா நயினா சாத்துவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பார்த்தறியாத அந்தத் தாத்தாவின் முகம்தான் வருகிறது.

புதிய முதலாளிகளின் ஆட்சி மென்மையாக இல்லை. கோட்டை கட்டக் கல் வேண்டும். பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் உடைத்துக் கல் எடுத்தனர். அதுதான் ஆ ஃபாமோசா. சுற்றுலா போகும்போது நாம் படமெடுத்துக்கொள்ளும் வாசல் அந்தக் கோட்டையின் மிச்சம்தான், டச்சுக்காரர் புதுப்பித்தது. ஜாவானியரின் தலைவர் உத்திமுத்தி ராஜா, எண்பது வயதைக் கடந்த பெருஞ்செல்வர். நயினா சாத்துவைப் போலவே அவரும் போர்த்துகீசியரோடு முன்கூட்டி உடன்பாடு செய்தவர். ஆனால் ஓடிப்போன சுல்தான் பக்கமும் இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தார். அது வெளியானதும் 1511 இறுதியில் அவரும் குடும்பத்து ஆண்களும் வெட்டப்பட்டனர். இரண்டு பக்கமும் கால் வைத்தவருக்கு என்ன நேரும் என்பதை நயினா சாத்து பக்கத்திலிருந்து பார்த்தார். அவர் ஒரே பக்கம் நின்றார். நின்று, அந்தப் பக்கத்தை வாழவைத்தார்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்குப் பீரங்கி தெரியும். இந்தக் கடலின் வணிகம் தெரியாது. எந்தப் பருவக்காற்றில் எங்கே போவது, எந்தத் துறையில் எது விலைபோகும், யாருக்கு என்ன அன்பளிப்பு என்பதெல்லாம் நம் ஆளுக்குத்தான் தெரியும். 1512 முதல் பழவேற்காட்டுக்கும் பெகுவுக்கும் போன கப்பல்களில் பாதிச் செலவு போர்த்துகல் மன்னருடையது, பாதி நயினா சாத்துவுடையது, இலாபமும் அப்படியே. பெகுதான் அரிசி கிடைக்கும் நாடு. முற்றுகைக்குள் அடிக்கடி பசித்துக் கிடந்த மலாக்காவுக்கு அது உயிர்நாடி. சீனக் கரையை அடைந்த முதல் போர்த்துகீசியர் என்று உலக வரலாறு ஜோர்ஜே ஆல்வாரஸைக் கொண்டாடுகிறது. 1513இல் நடந்த அந்தப் பயணத்தின் சரக்கிலும் நயினா சாத்துவுக்குப் பங்கு இருந்தது. கொண்டாட்டத்தில் பங்கு வரவில்லை.

என் அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். 1972இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வட்டாரம் அது. பன்னாட்டுத் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய தொழிற்சாலை வேறொரு நாட்டு நிறுவனத்திடம் கைமாறியது. திங்கட்கிழமை காலை புதிய பெயர் போட்ட அடையாள அட்டை கொடுத்தார்கள். இயந்திரம் அதே, இருக்கை அதே. நயினா சாத்துவைப் பற்றி நான் சொன்னபோது அப்பா அதிகம் யோசிக்கவில்லை. துறைமுகம் ஓடவேண்டும் என்று பார்த்திருப்பார் என்றார். சிறிது நேரம் கழித்து, ஆனால் தொழிற்சாலையில் யாரும் சாகவில்லையே என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் என்னிடம் பதிலில்லை.

நிலைமை அவருக்கு எதிராகத் திரும்பத் தொடங்கியது. அவருடைய நன்றிக்கடனை நேரில் அறிந்த அராவுஜோ 1512இல் நடந்த சண்டையில் இறந்தார். 1513 தொடக்கத்தில் ஜெப்பாராவின் பாதி யூனுஸ் பெரும் கடற்படையோடு வந்து முறியடிக்கப்பட்டார். ஓடிப்போன மலாய் மக்களையும் முஸ்லிம் வணிகரையும் திரும்ப அழைக்காவிட்டால் ஊர் தழைக்காது என்று கோவாவிலிருந்த அல்புகர்க்குக்குப் புரிந்தது. அதற்கு ஓர் இந்து பெண்டாஹாரா உதவமாட்டார். ஒரு மலாய் அரசர் வேண்டும். சுல்தான் மாமுட்டின் மருமகன், கம்பார் அரசர் அப்துல்லா கிடைத்தார். 1514இல் புதிய கோட்டைத் தலைவர் ஜோர்ஜே டி அல்புகர்க் அந்த ஆணையோடு வந்தார். நயினா சாத்து விலக வேண்டும்.

குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. கணக்கில் பிசகில்லை, விசுவாசத்தில் குறையில்லை. தேவை முடிந்தது, அவ்வளவுதான். அரசியலில் இது புதிதல்ல. அதே ஆண்டுகளில், 1512இல், இத்தாலியின் புளோரன்ஸில் ஆட்சி மாறியபோது மாக்கியவெல்லி என்ற அதிகாரியும் வேலையிழந்தார். அவர் வீட்டில் உட்கார்ந்து புத்தகம் எழுதினார். நம் வணிகர் வேறு வழி எடுத்தார்.

நகரின் ஒரு தெருவில் நீண்ட மேடை ஒன்று கட்டச் செய்தார். தூண்களுக்குப் பட்டுத்துணி சுற்றி, மலர்களாலும் நறுமணப் பொருள்களாலும் அலங்கரித்தார். மேடையின் மூலையில் வாசனைக் கட்டைகளால் எரியும் தீ. பொன்னாடை உடுத்து, மணிகள் பூண்டு வெளியே வந்தார். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. போர்த்துகீசியருக்குத் தாம் செய்ததையெல்லாம் எடுத்துரைத்தார். உயிரைவிட மானம் பெரிது என்று பிறருக்காகப் பலமுறை நின்று காட்டிய தாம், தமக்காக அதைக் கைவிடமாட்டேன் என்றும், தம்மைவிடத் தாழ்ந்தவர்களின் வெற்றிக்குக் கதைப்பொருளாக இருக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுத் தீயில் இறங்கினார்.

இந்தக் காட்சி நமக்கு எப்படிக் கிடைத்தது என்பது இன்னொரு கதை. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் ஜோவாவ் டி பாரோஸ் எழுதினார். அவர் மலாக்காவைக் கண்டதில்லை. ஜெரோனிமோ ஒசோரியோ என்ற ஆயர் இலத்தீனில் எழுதினார், அவரும் கண்டதில்லை. அந்த இலத்தீன் நூலின் வழியே அது பிரான்சுக்குப் போனது. மிஷேல் டி மொந்தேன், புகழ்பெற்ற தம் கட்டுரைகளில், தன் உயிரைத் தானே விடுதல் பற்றிய கட்டுரையில், மலாக்காவின் இந்த வணிகரைச் சேர்த்துக்கொண்டார். போர்தோ நகர மேயராக இருந்து, கத்தோலிக்க மன்னருக்கும் புரோட்டஸ்டன்ட் இளவரசருக்கும் இடையே அலைந்தவர் மொந்தேன். இருபக்கமும் சந்தேகிக்கும் ஆளின் நிலை அவருக்குத் தெரியும். ஒரு தமிழ் வணிகர் ஐரோப்பிய மறுமலர்ச்சியின் தலைசிறந்த நூலொன்றில் இடம்பெற்றார் என்று நாம் பெருமைப்படலாமா? அங்கே அவர் தமிழராக இல்லை. ஓர் இந்தியப் பிரபுவாக, கிரேக்க, ரோமானிய வீரர்களின் வரிசையில் நிற்கிறார். அந்தப் பேச்சிலும் எவ்வளவு அவருடையது, எவ்வளவு இலத்தீன் படித்தவர்களுடையது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சந்தேகப்படமுடியாதது பதவி பறிப்பும் மரணமும்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பேச்சில் சுல்தான் பெயர் வரவில்லை. மலாக்கா பெயரும் வரவில்லை. தாம் செய்த உதவி, தமக்கு வந்த அவமதிப்பு, இவைதான். ஊருக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கு அதில் இல்லை. அவரிடம் எனக்குள்ள ஒரே பெரிய குறை இதுதான். ஆனால் அந்தக் கணக்கைச் சுல்தானும் கேட்கவில்லை, அல்புகர்க்கும் கேட்கவில்லை; அவரிடம் மட்டும் ஏன் கேட்கிறேன் என்று என்னையே திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அவரிடத்தில் அமர்த்தப்பட்ட கம்பார் அரசர் அப்துல்லா நீண்ட நாள் இருக்கவில்லை. மாமனாரோடு இரகசிய உறவு என்ற குற்றச்சாட்டில் 1515இல் போர்த்துகீசியர் அவர் தலையை வெட்டினர். அதைக் கண்ட மலாய் மக்கள் மீண்டும் ஊரைவிட்டுக் கிளம்பினர்.

அதே 1515 டிசம்பரில் அல்போன்சோ டி அல்புகர்க் ஓர்முசிலிருந்து நோயாளியாகக் கோவாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் எதிர்ப்பட்ட கப்பல் ஒரு செய்தி சொன்னது. மன்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டு, அவருக்கு ஆகாதவரான லோப்போ சோரெஸை அந்த இடத்துக்கு அனுப்பியிருந்தார். கோவா கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கப்பலிலேயே, டிசம்பர் 16ஆம் நாள் அல்புகர்க் இறந்தார்.